எட்டாவது குதிரைக்கு வேர்த்தது

"சார், என் காட்டுல ஒரு குதிரை கூடிப்போச்சு" என்றார் வனக்காவலர் கலியமூர்த்தி, நாற்காலியில் உட்காரக்கூடச் செய்யாமல்.

சகாயராஜ் நிமிர்ந்து பார்த்தார். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்வையிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதித் தருவது அவர் தொழில். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் சின்னதாக ஓர் ஆபீஸ். கிழக்குக் கடற்கரைச் சாலையின் தயவில் வேலைக்குக் குறைவில்லை. நின்ற லாரியில் மோதியவன், மோதாத லாரியால் காயப்பட்டவன் என்று நாள் முழுக்கப் பொய் கேட்டுக் கேட்டு, மனிதன் எந்தெந்த வகையில் பொய் சொல்வான் என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் ஆடு காணோம், மோட்டார் காணோம் என்றால் ஊரார் போலீசுக்குப் போகுமுன் இவரிடம் ஒருமுறை வந்து போவது வழக்கமாகியிருந்தது. இதுவரை வந்ததெல்லாம் காணாமல் போன சங்கதி. கூடிப்போன சங்கதி இதுதான் முதல்.

"என்ன குதிரை?"

"மண்குதிரை சார். அய்யனாருக்கு நேர்ந்துக்கிட்டு வெப்பாங்களே, அது. வீரைக்காட்டுக் கோயிலாண்ட ஏழு நின்னுது. ஞாயித்துக்கிழம டவுன்ல இருந்து ஒரு கூட்டம் காட்டுல நடக்க வந்துச்சு. அவங்க போனதுக்கப்புறம் திங்கக்கிழம காலைல ரவுண்டு போறேன், எட்டு நிக்குது. இடுப்பு உசரம். வெள்ளவெளேர்னு புதுசா."

"யாராவது பக்தர் வெச்சிருப்பாரு."

"அதான சார் என் தலவலியே. அது காப்புக்காடு. புதுசா ஒரு செங்கல் வெச்சாலே என் சீட்டு கிழிஞ்சிடும். உள்ள போற வழி ஒண்ணுதான், அதுல நான் குந்திக்கினு இருக்கேன். நடக்க வந்தவங்க பையெல்லாம் பிரிச்சுப் பாத்துதான் விட்டேன். பையில குதிரைய எப்டி சார் எடுத்துட்டுப் போவான்? நான்தான் கைநீட்டி வாங்கிக்கினு உள்ள விட்டேன்னு யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுட்டான். சனிக்கிழம ரேஞ்சர் மேடம் விசாரிக்க வர்றாங்க." கலியமூர்த்தி தொப்பியைக் கழற்றினார். "இருபது வருஷமா அந்தக் காட்டுல இருந்து ஒரு சுள்ளிய வெளிய போவ விட்டதில்ல சார். இப்ப ஒரு குதிரை உள்ள வந்திருச்சு. என்னத் தூக்கி ஆனைக்காட்டுக்குப் போடப் போறாங்க. எனக்கு ஆனைன்னா பயம்."

அறையின் மூலையில் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் துள்ளி எழுந்தான். சகாயராஜின் மனைவிக்குத் தம்பி. கீழே ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பிழைப்பு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில், ஆசை துப்பறிவதில். "மாமா, இது வெளிநாட்டுக் கும்பல் வேலை! குதிரை வயித்துக்குள்ள ஏதோ கடத்துறானுங்க" என்றான்.

"உக்காருப்பா. கடத்துறவன் வெள்ளையடிச்சு நடுவுல நிறுத்துவானா?" என்ற சகாயராஜ், கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். "இதுக்கு ஏன் என்கிட்ட வந்தீங்க?"

"நீங்க வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. அய்யனார்கிட்ட உங்களுக்குப் பயமும் இல்ல, பகையும் இல்ல. அதுவுமில்லாம, இன்னொண்ணு இருக்குது சார்." கலியமூர்த்தி வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குதிரைக்கு வேர்க்குது."

சகாயராஜுக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். எதிர்வீட்டுக்குப் போகவே மொபெட்டை எடுப்பவர். அப்படிப்பட்டவர் மறுநாள் காலையில் வீரைக்காட்டின் வாசலில், புளியமரத்தடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அந்தக் காட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. போனால் அய்யனார் கோபிப்பார் என்பது ஊர் வழக்கம், அய்யனாருக்கு முன்னால் கலியமூர்த்தி கோபிப்பார் என்பது நடைமுறை.

கூனிமேட்டுக்கு மேற்கே, உப்பளங்கள் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில் அந்தக் காடு இருக்கிறது. வீரை, காசா, வக்கணை, உலக்கைப்பாலை என்று பெயர் தெரிந்த மரங்களும் பெயர் தெரியாத கொடிகளும் பின்னிக்கொண்டு, எத்தனை நூறு வருஷமாகவோ யாரும் வெட்டாமல் நிற்கின்றன. வெளியே புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே போனதும் சட்டென்று இருட்டிக்கொண்டு குளிர்ந்தது. நல்ல காடுதான். அதை ரசிக்கிற நிலையில் சகாயராஜ் இல்லை. பத்தடிக்கு ஒரு முள்ளை எடுத்துக்கொண்டு, முள் ஒவ்வொன்றையும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு எறிந்தபடி வந்தார்.

"சொத்துக்குச் சேதமா, உடலுக்குச் சேதமான்னு பாக்குறீங்களா மாமா?" என்றான் ஆரோக்கியம்.

"வாய மூடிக்கினு கீழ பாத்து நடடா."

கோயில் என்பது நாலு கல்தூணும் ஒரு கூரையும்தான். அதன் எதிரே குதிரைகள் வரிசையாக நின்றன. ஏழும் மழையிலும் பாசியிலும் கறுத்துப் போனவை. வரிசையின் நடுவே எட்டாவது, தலைமுதல் குளம்புவரை வெள்ளை. அதன் கழுத்திலும் விலாவிலும் முத்து முத்தாக நீர். சொட்டு சேர்ந்து கோடாக வழிந்துகொண்டிருந்தது. மற்ற ஏழும் காய்ந்து கிடந்தன.

சுற்றிலும் ஐம்பது பேருக்குக் குறையாத கூட்டம். கலியமூர்த்தி தடுத்துப் பார்த்துத் தோற்றுப்போயிருந்தார். பூசாரி பக்கிரி ஒரு துண்டால் குதிரையின் கழுத்தை ஒற்றி, அதைப் பிழிந்து, வந்தவர்கள் நெற்றியில் தடவிக்கொண்டிருந்தார். "அய்யனாரு ராவெல்லாம் ஏறிக்கினு ஊர சுத்தி வந்திருக்காரு. வேர்க்காம என்னா பண்ணும்?" என்று ஆளுக்கு ஒருமுறை சொன்னார்.

"நாள் பூரா வேர்க்குமா பூசாரி?" என்று சகாயராஜ் கேட்டார்.

"காலைலயும் சாயந்திரமும்தான். உச்சி வெயில்ல காஞ்சு பொருக்கு தட்டிடும். அப்ப சாமி தூங்குது. ஆடுங்க தொல்லைதான் பெரிய தொல்லை. கொஞ்சம் அசந்தா எங்கிருந்தோ வந்து நக்குதுங்க. மத்த குதிரைய சீண்டாது. அதுங்களுக்குத் தெரியுது எது உசுருள்ளதுன்னு."

ஆரோக்கியம் யாரும் தடுக்குமுன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டான். முகம் கோணியது. "மாமா! உப்பு கரிக்குது!"

கூட்டம் 'அய்யனாரே' என்று ஒரே குரலில் கும்பிட்டது. "வேர்வ உப்பு கரிக்காம சக்கரையாவாடா இருக்கும்?" என்றாள் ஒரு பெண்மணி. சந்தேகப்பட வந்தவன் வாயாலேயே அற்புதம் நிரூபணமாகிவிட்டது. தன் துப்பறியும் வாழ்க்கையில் இப்படி ஒரு திருப்பத்தை ஆரோக்கியம் எதிர்பார்க்கவில்லை.

"உப்பு மட்டுமா?" என்று சகாயராஜ் மெதுவாகக் கேட்டார்.

ஆரோக்கியம் நாக்கைச் சப்புக்கொட்டினான். "கடைசில ஒரு கசப்பு அடிக்குது."

"சரி. இப்ப குதிரைக்கு அடில படு. வயித்துக்குக் கீழ ஓட்டை இருக்கும். சூளையில வேகும்போது வெடிக்காம இருக்க விடுறது. காமிராவ அதுக்குள்ள காட்டி எடு."

ஆரோக்கியம் படுத்தான். எறும்புப் புற்று ஒன்றின்மேல் படுத்திருக்கிறோம் என்பது அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. அவன் குதித்த குதிப்பைப் பார்த்து அருள் வந்துவிட்டதென்று பக்கிரி அவன் நெற்றியிலும் தடவினார். ஆனால் படம் விழுந்துவிட்டது. காமிராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்த சகாயராஜ் தலையாட்டினார். பிறகு குதிரைக்குப் பின்னாலிருந்த புதரைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் செடிகள் நசுங்கி, மண் நீளமாகப் பள்ளம் விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு பனைமட்டைத் தண்டு. ஒரு முனை நார்நாராக நசுங்கியிருந்தது.

"கலியமூர்த்தி, காட்டுல பனை இருக்குதா?"

"ஒண்ணுகூட கிடையாது சார்."

அப்போது ஒரு பெண் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பக்கம் மிதிக்காதீங்க! அது வீரைக் கன்னு. வளர முப்பது வருஷம் ஆவும்!" புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் ஆசிரியை, ரேணுகா. பெரிய முதலியார்சாவடியிலிருந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை நடையை ஏற்பாடு செய்தது அவள்தான். நாலே நாளில் காடு மிதிபட்டதைப் பார்த்து அவள் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு எத்தன பேர் வந்தீங்க?" என்று கேட்டார் சகாயராஜ்.

"என் மாணவிங்க ஒரு பத்துப் பேரு, நான், அப்புறம் சிங்காரம் ஐயா. உப்பளம் வெச்சிருக்காரே, அவரு. சுகர் இருக்குது, டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு அவரே கேட்டு வந்தாரு. கோயில் பக்கம் வரவே மாட்டேன்னுட்டாரு. பகுத்தறிவுக்காரர் ஆச்சே."

"வழியில யாராவது பிரிஞ்சு போனாங்களா?"

"பொண்ணுங்க எல்லாம் கூடவேதான் இருந்தாங்க. ஐயா மட்டும் அடிக்கடி ஒதுங்கப் போனாரு. சுகர்காரங்களுக்கு அது சகஜம்தானே? ஒருவாட்டி ரொம்ப நேரம் ஆயிடுச்சு. கேக்கவும் கூச்சமா இருந்துச்சு."

கலியமூர்த்தி குறுக்கே புகுந்தார். "பைய பாத்தேன் சார். பெரிய அடுக்குக் கேரியர். தொறந்தா நாலு அடுக்கும் தயிர் சாதம், வெள்ளையா. கைல ஒரு பனைமட்டை, ஊணிக்க. பிளாஸ்டிக் ஒண்ணும் இல்ல, விட்டுட்டேன்."

"அவ்ளோ தயிர் சாதமா?" ரேணுகா புருவத்தைத் தூக்கினாள். "மத்தியானம் என் எலுமிச்ச சாதத்ததான சாப்பிட்டாரு. கொண்டுவந்தது புளிச்சிருச்சுன்னாரு."

திரும்பும் வழியில் ஆரோக்கியம் துள்ளினான். "மாமா, முடிஞ்சுது! சிங்காரம்தான்!"

"எதுல முடிஞ்சுது? இடுப்பு உசரக் குதிரைய கேரியர்ல கொண்டாந்தாரா?"

"அடுக்கு அடுக்கா..." என்று இழுத்தான் ஆரோக்கியம்.

அன்று மாலை அவர்கள் குயவர் அர்ச்சுனனைப் பார்க்கப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் குதிரை செய்பவர் அவர் ஒருவர்தான். வாசலில் நாலைந்து பேர் ஆர்டர் கொடுக்கக் காத்திருந்தார்கள்.

"நான் செஞ்ச குதிரதான்" என்றார் அர்ச்சுனன், மீசையைத் தடவிக்கொண்டு. "வேர்க்குற குதிர என் கையால மட்டும்தான் வரும். பரம்பர வித்த."

கூட வந்திருந்த கலியமூர்த்தி பதறினார். "அர்ச்சுனா, நீ செஞ்சிருந்தா அது புதுக்குதிர. என் வேல போயிடும்பா."

"அதுக்கு நான் என்னா பண்றது? பத்து வருஷமா ஒரு குதிரகூட கேக்க ஆளில்ல. இப்பதான் அய்யனாரு கண்ணத் தொறந்திருக்காரு."

"காட்டுக்குள்ள எப்படிக் கொண்டுபோனீங்க?" என்று சகாயராஜ் பணிவாகவே கேட்டார்.

"அய்யனாரு கூப்ட்டாரு. அதுவே நடந்து போச்சு."

இந்தப் பதிலை இன்ஷூரன்ஸ் அறிக்கையில் எழுத முடியாது. சகாயராஜ் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சிங்காரத்தின் உப்புக் கிடங்குக்குப் போனார். போன டிசம்பரில் சுனாமி வந்து போன பிறகு புதுப்பித்துக் கட்டிய கிடங்கு. அதற்குள் சுவரெல்லாம் ஊறி, கைவைத்த இடம் பிசுபிசுத்தது. வெளியே அப்போதுதான் வாரிய உப்பு சின்னச் சின்னக் குவியலாகக் கிடக்க, அதிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சிங்காரம் அறுபதை நெருங்கியவர். கறுப்புச் சட்டை, கணீரென்ற மேடைக்குரல். மேசைமேல் புதிதாக அச்சடித்த நோட்டீஸ் கட்டு: 'வேர்க்கும் குதிரை மோசடி! ஞாயிறு மாலை மரக்காணத்தில் சிங்காரம் முழக்கம்!'

"வாங்க சார், வாங்க. இந்த இருபத்தோராம் நூற்றாண்டுல மண்ணுக்கு வேர்க்குதாம், நம்ம ஜனம் நெத்தில தடவிக்குதாம். நெஞ்சு கொதிக்குது" என்றார். டீ வந்தது. டம்ளரைக் கைக்குட்டையால் சுற்றி, நுனிவிரலால் பிடித்துக் குடித்தார்.

"கையில என்னங்க?"

"சுடுதண்ணி பட்டிருச்சு."

"சரி. அந்தக் குதிரைக்கு ஏங்க வேர்க்குது? நீங்க விஞ்ஞானம் பேசுறவரு. உங்ககிட்ட கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

சிங்காரம் தொண்டையைக் கனைத்தார். "இயற்கை நிகழ்ச்சிதான். காத்துல ஈரம் இருக்குது. காட்டுக்குள்ள குளிர்ச்சி வேற. மண்ணு மட்டமான மண்ணு. மரத்துல இருந்து சொட்டும் பனி. அப்புறம், கூட்டம் விடுற மூச்சுக்காத்து. இப்படிப் பல காரணம்."

"மத்த ஏழு குதிரைக்கு இந்தக் காரணமெல்லாம் கிடையாதுங்களா?"

"அத ஆராய்ச்சி பண்ணணும்" என்று சிங்காரம் நோட்டீஸ் கட்டை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார். சகாயராஜ் பிசுபிசுத்த சுவரை ஒருமுறை பார்த்தார். தன் விரல்களைப் பார்த்தார். "சனிக்கிழம காலைல புளியமரத்தாண்ட வந்துடுங்க. ரேஞ்சர் விசாரிக்கிறாங்க. பாவம், கலியமூர்த்தி வேல அதுலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சனிக்கிழமை புளியமரத்தடியில் ஒரு சின்னத் திருவிழாவே கூடிவிட்டது. ரேஞ்சர் சந்தியா ஜீப்பின்மேல் சாய்ந்து நின்றார். வயது முப்பதுக்குள். சிரிக்காத முகம். கலியமூர்த்தி சீருடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டிருந்தார். கடைசி முறையாக உடுத்துவதுபோல ஒவ்வொரு பொத்தானையும் தடவிப் பார்த்துக்கொண்டார். அர்ச்சுனன், பக்கிரி, ரேணுகா, சிங்காரம் என எல்லோரும் வந்திருந்தார்கள்.

"குதிரைய செஞ்சது நான்தான்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டாரு. அப்ப காப்புக்காட்டுக்குள்ள புதுசா ஒண்ணு வந்திருக்குது. காவலர் பொறுப்பு. வேற என்ன இருக்குது?" என்றார் சந்தியா.

"அந்தக் குதிரை காட்டுக்குள்ள வரவேயில்ல மேடம். அங்கயேதான் இருந்துச்சு" என்றார் சகாயராஜ்.

ஆரோக்கியம் காமிராவை நீட்டினான். "இது குதிரையோட வயித்துக்குள்ள எடுத்தது" என்று சகாயராஜ் தொடர்ந்தார். "உள்ள பூரா வேர். வல பின்னுன மாதிரி வயித்தோட வடிவத்துக்கே பின்னி இறுகியிருக்குது. ரேணுகா மேடம், இப்படி வளர எவ்ளோ நாள் ஆவும்?"

ரேணுகா உற்றுப் பார்த்தாள். "வீரை வேர். இது மெதுவா வளர்ற மரம். இந்த அளவுக்குன்னா பல வருஷம்."

"அர்ச்சுனன் ஐயா புதுசா செஞ்ச குதிரைக்குள்ள இத்தன வருஷத்து வேர் எப்படி வந்துச்சுன்னு அவரே சொல்லட்டும்."

அர்ச்சுனன் மீசையிலிருந்து கையை எடுத்தார். "அய்யனாரு..." என்று ஆரம்பித்து, ரேஞ்சரின் முகத்தைப் பார்த்து, "எங்க தாத்தா செஞ்சதா இருக்கும். எல்லாம் ஒரே கைதான" என்று முடித்துக்கொண்டார்.

"எட்டும் ஆதியிலயே இருந்ததுங்க" என்றார் சகாயராஜ். "ஒண்ணு எப்பவோ புயல்ல பின்பக்கமா சாஞ்சு புதருக்குள்ள போயிடுச்சு. வயித்து ஓட்டை வழியா வேர் புகுந்திருச்சு. கலியமூர்த்தி வேலைக்கு வந்தப்பவே ஏழுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழம ஒருத்தர் அந்த இடத்தத் தேடிப் போயி, வெளிய இருந்த வேர முறிச்சு, தூக்கி நிறுத்தி, வெள்ளையடிச்சிருக்காரு. புதருக்குள்ள குதிரை கிடந்த பள்ளம் அப்படியே இருக்குது."

"அப்ப வேர்வ?" பக்கிரியின் குரலில் பிழைப்பே நடுங்கியது.

"சுண்ணாம்பு ஒட்டுறதுக்கு எல்லாரும் கொஞ்சம் உப்பு போடுவோம். இவரு அள்ளிக் கொட்டிட்டாரு. உப்பு ஈரத்த இழுத்துச்சு. காலைலயும் சாயந்திரமும் வேர்க்குது, வெயில்ல காஞ்சு பொருக்கு தட்டுது, ஆடு வந்து நக்குது. அதோட என் மச்சான் நாக்குல கசப்பும் அடிச்சுது. கடை உப்பு கசக்காது. அம்பாரத்துல கிடந்து கசப்புத் தண்ணி வடிஞ்ச பிறகுதான் அது கடைக்கே வரும். பாத்தியில இருந்து வாரின கையோட எடுத்த உப்புதான் கசக்கும். கடையில வாங்குறவன் ஒரு பிடி போடுவான். படிக்கணக்குல போடணும்னா உப்பு கொட்டிக் கிடக்கிற இடத்துல இருக்கிற ஆளா இருக்கணும்."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அந்த ஊரில் பாதிப் பேர் உப்பளத்துக்காரர்கள்.

"அன்னிக்கு உள்ள போனவங்கள்ல ஒருத்தர் நாலடுக்குத் தயிர் சாதம் கொண்டுபோனாரு. அதுல ஒரு பருக்கைகூட சாப்பிடல. அது சாதமே இல்ல, குழைச்ச சுண்ணாம்பு. ஊணிக்கப் பனைமட்டை கொண்டுபோனாரு. திரும்பும்போது கையில இல்ல. அது புதர்ல முனை நசுங்கிக் கிடக்குது, வெள்ளையடிக்கிற மட்டையாட்டம். சுண்ணாம்பு பட்டு அவரு கை வெந்திருக்குது. இதெல்லாம் இருந்தும் எனக்குச் சந்தேகம் தீரல. நேத்து அவர்கிட்டயே போயி, குதிரைக்கு ஏன் வேர்க்குதுன்னு கேட்டேன். காத்து, பனி, மண்ணு, மூச்சுன்னு ஆயிரம் காரணம் சொன்னாரு. அவரு சொன்ன இடத்துல சுவரே வேர்த்துக்கினு இருந்துச்சு. பொறந்ததுல இருந்து உப்புலயே இருக்கிற மனுஷன், உப்ப மட்டும் சொல்லல. அப்பதான் எனக்குச் சந்தேகம் தீந்துச்சு."

"யாருங்க அது?" என்றார் சந்தியா.

"பேர நான் சொல்லப்போறதில்ல மேடம். குதிரை பழசுன்னு நிரூபிக்கத்தான் என்னைக் கூப்ட்டாங்க."

"பழசா இருக்கலாம். ஆனா அனுமதியில்லாம உள்ள வேல நடந்திருக்குது. அதனால கூட்டம் புகுந்து காடு பாழாயிருக்குது. செஞ்சவர் யாருன்னு தெரியலன்னா, அசந்து இருந்ததுக்குக் காவலர்தான் பதில் சொல்லணும். சட்டம் அப்படி."

கலியமூர்த்தி காட்டைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வை யாரைச் சுட்டதோ இல்லையோ, கறுப்புச் சட்டை போட்டவரைச் சுட்டது.

"பெரியோர்களே!" என்று சிங்காரம் எழுந்தார். பழக்கதோஷம். பிறகு குரல் இறங்கியது. "நான்தான்."

பக்கிரியின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள்.

"சுனாமி அன்னிக்கு உப்பு அம்பாரத்து மேல ஏறி நின்னேன்" என்றார் சிங்காரம். "கடலு உள்ள வந்திருச்சு. அம்பாரத்த நாலு பக்கமும் கரைக்குது. நிக்கிற இடம் சுருங்கிக்கினே வருது. கூப்பிட ஒரு ஆளில்ல. வாயில வந்தது அய்யனாரு பேரு. ஏன் வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. நான் பொறந்ததுக்கு எங்கப்பா வெச்ச குதிரை, புயல்ல விழுந்து கிடக்குது, தூக்கி வெச்சிடறேன்னு சொன்னேன். தண்ணி வடிஞ்சிடுச்சு. வடிஞ்சதுக்கு விஞ்ஞானக் காரணம் இருக்குது. அத நான் மேடையிலயே சொல்லுவேன். ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குதில்ல? எனக்கு யாரு முன்னாடி சொன்னேங்கிறது முக்கியமில்ல. ஒன்பது மாசமாத் தூக்கம் வரல. யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்னு பாத்தேன். இன்னும் நூறு வருஷம் நிக்கட்டும்னு உப்ப கொஞ்சம் தாராளமாப் போட்டுட்டேன்."

"நோட்டீஸ் அடிச்சீங்களே ஐயா, மோசடின்னு?" என்றான் ஆரோக்கியம், தாங்க முடியாமல்.

"வேர்க்கும்னு நான் கண்டேனா? எதுத்துப் பேசலன்னா சந்தேகப்பட மாட்டாங்களா?" சிங்காரம் கலியமூர்த்தியிடம் போய் வெந்த கைகளைக் கூப்பினார். "உன் சோத்துல மண்ணப் போட இருந்தேன்பா. மன்னிச்சுக்க."

"கைய எறக்குங்கய்யா, வலிக்கப்போவுது" என்றார் கலியமூர்த்தி. அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சந்தியா கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்பது பக்கத்தில் நின்ற சகாயராஜுக்கு மட்டும் தெரிந்தது. "புதுசா எதுவும் வரல. காவலர் மேல தப்பு இல்ல, அவரு இங்கயே இருப்பாரு. சிங்காரம் ஐயா, அந்த உப்பு இறங்குற வரைக்கும் தினமும் நல்ல தண்ணி சுமந்துபோயி குதிரைய நீங்களே கழுவணும். வேர்வ நின்னாதான் கூட்டம் நிக்கும், கூட்டம் நின்னாதான் கன்னுங்க பொழைக்கும். கலியமூர்த்தி, கூடவே நின்னு பாத்துக்கங்க" என்றார். கலியமூர்த்தி அடித்த சல்யூட்டில் புளியமரத்துக் காக்கை பறந்தது.

அன்று மாலையே தண்டனை தொடங்கியது. கறுப்புச் சட்டையோடு, தோளில் குடத்தோடு, வெறுங்காலில் சிங்காரம் காட்டுக்குள் நடந்தார். பின்னால் ஊரே நடந்தது. ரேணுகா பாதையின் இருபக்கமும் கயிறு கட்டி யாரையும் கன்றுகளின்மேல் இறங்க விடாமல் பார்த்துக்கொண்டாள். சகாயராஜும் வந்தார். வேண்டாவெறுப்பாக, முள் எடுத்துக்கொண்டு.

முதல் குடத்தைக் குதிரையின் தலையில் ஊற்றியதும் பக்கிரி மணியடித்தார்.

"டேய் பக்கிரி, மணிய நிறுத்து! இது அபிஷேகம் இல்ல, கழுவுறேன்!" என்று சிங்காரம் கத்தினார்.

"நீங்க கழுவுங்க, நான் பாட்டுக்கு அடிக்கிறேன்" என்றார் பக்கிரி. பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டாவது குடத்துக்கு யாரோ ஒரு கைப்பிடி மஞ்சளைக் கலந்துவிட்டார்கள். கலியமூர்த்தி இடையில் புகுந்து, தனது காட்டில், தனது அதிகாரத்தில், மஞ்சளைத் தடை செய்தார்.

சிங்காரம் குதிரையின் முகத்தைத் தன் துண்டால் துடைத்தார். சுண்ணாம்பு கரைந்து, அடியிலிருந்த பழைய செம்மண் நிறம் கண்ணைச் சுற்றி எட்டிப்பார்த்தது. துடைப்பது தேவைக்குமேல் நேரமெடுத்தது. ஆரோக்கியம் பக்கத்தில் போய்க் கேட்டேவிட்டான்.

"ஐயா, நெசமா சொல்லுங்க. இப்ப உங்களுக்கு நம்பிக்கை வந்திருச்சா?"

"குதிரைமேல வந்திருக்குது" என்றார் சிங்காரம். "ஏறி வர்றவரு ஒருநாள் நேர்ல வரட்டும், அப்ப பேசிக்கிறேன்."